பஞ்சம் போட்ட பாதை, போர் பெயர்த்த பாதை

கள்ளக்குறிச்சியில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு



மூடப்பட்ட ஒரு கிளைப்பாதை ரயில் நிலையத்தின் வரலாற்றைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நம் கள்ளக்குறிச்சிக்கு ரயில் நிலையம் வாய்த்ததில்லை. பாதைகள் நம்மைச் சுற்றித்தான் போயின. 1891இல் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக வடக்கே ஒரு பாதை போனது. அதில் திருக்கோவிலூர் ஸ்டேஷன் ஊரில் இல்லை, பெண்ணையாற்றுக்கு அக்கரையில் அரகண்டநல்லூர்ப் பக்கம் இருக்கிறது. 1929இல் விழுப்புரத்தையும் திருச்சியையும் விருத்தாசலம் வழியாக இணைத்த நேர்பாதை கிழக்கே உளுந்தூர்பேட்டைப் பக்கம் போனது. 1931இல் விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்குப் போட்ட மீட்டர் கேஜ் பாதை சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் வழியாகப் போனது. அதுதான் நமக்குக் கிட்டத்தில் வந்த பாதை. மூன்று பக்கமும் ரயில் ஓடியும், நடுவில் இருந்த நம் ஊர் சின்னசேலம் வரை மாட்டு வண்டியிலும் பிறகு பஸ்ஸிலும் போய்த்தான் ரயில் ஏறியது.

ஆகவே நான் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் போகிறேன். மலையைத் தாண்டி, சித்தேரி மலையையும் அரூரையும் கடந்தால் மொரப்பூர் வரும். அங்கிருந்து தர்மபுரிக்கும், பின்னர் ஓசூர் வரைக்கும் ஒரு குறுகிய ரயில்பாதை இருந்தது. சற்று வடக்கே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அதே அகலத்தில் இன்னொன்று. இரண்டும் இன்று இல்லை. இந்த இரண்டின் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இழந்ததைத்தான் நாம் இப்போது பெறப்போகிறோம்.

முதலில் அந்தப் பாதைகள் ஏன் வந்தன என்று பார்க்கவேண்டும். வியாபாரத்துக்காக வரவில்லை. பஞ்சத்தால் வந்தன.

1876இல் தொடங்கிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்றைய சேலம் மாவட்டம், அதாவது இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் சேர்ந்த பெரிய மாவட்டம், மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள், 1881 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டார்கள். பிறப்பும் குறைந்தது, ஊரைவிட்டு ஓடியவர்களும் உண்டு. ஆனாலும் செத்தவர்கள்தான் அதில் பெரும்பகுதி.

இதில் நம் நெஞ்சை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. அந்த மாவட்டத்தில் அப்போதே ரயில் இருந்தது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், மொரப்பூர், சேலம் வழியாக மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை போன மதராஸ் ரயில்வேயின் அகலப்பாதை 1862இலேயே முடிந்துவிட்டது. பஞ்சம் வந்தபோது அதற்குப் பதினான்கு வயது. தானியம் கப்பலில் சென்னைக்கு வந்தது, ரயிலில் உள்நாட்டுக்கும் வந்தது. அதற்குப் பிறகு? ஸ்டேஷனிலிருந்து தர்மபுரிக்கோ பென்னாகரத்துக்கோ கொண்டுபோக வண்டி வேண்டும், வண்டிக்கு மாடு வேண்டும். மழை பொய்த்து, புல்லும் வைக்கோலும் தண்ணீரும் இல்லாமல் மனிதனுக்கு முன்னால் மாடுகள் செத்துவிட்டன. மிஞ்சிய மாட்டை வண்டியில் பூட்டினாலும் வழிநெடுக அதற்குத் தீனி வேண்டும். அரிசி மூட்டை ஸ்டேஷனில் கிடக்க, இருபது மைல் தள்ளி மனிதன் கிடந்தான்.

ரயிலே தானியத்தைப் பஞ்சப் பகுதியிலிருந்து விலை அதிகமான ஊருக்கு இழுத்துப் போனதும் உண்டு என்று அன்றிலிருந்தே பலர் வாதாடி வருகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. வாங்கும் சக்தி இல்லாதவனுக்கு வாசலில் ரயில் நின்றாலும் சோறு கிடைக்காது. ஆனால் நிவாரணத் தானியம் வந்த பிறகும் அதை ஊருக்குள் கொண்டுபோக முடியவில்லை என்பது தனிக் கொடுமை. அதை அரசாங்கமும் ஒப்புக்கொண்டது.

சர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச கமிஷன் 1880இல் அறிக்கை கொடுத்தது. இந்தியா பஞ்சத்திலிருந்து ஓரளவு தப்ப மொத்தம் 20,000 மைல் ரயில்பாதை வேண்டும், அதில் 5,000 மைல் உடனடியாக வேண்டும் என்றது. அப்போது இரண்டு கணக்கு பிறந்தது. லாபம் தரும் பாதை ஒரு கணக்கில், காப்புப் பாதை இன்னொரு கணக்கில். காப்புப் பாதை தன் வட்டியைச் சம்பாதிக்காமல் போகலாம். அதற்கு ஆகும் நஷ்டம், அடுத்த பஞ்சத்தில் மிச்சமாகும் உயிருக்கும் நிவாரணச் செலவுக்கும் முன்கூட்டியே கட்டும் இன்ஷூரன்ஸ் பணம் என்று கருதப்பட்டது. பஞ்சக்காப்பு நிதி என்றே ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் தனியாக ஒதுக்குவதாகச் சொன்னார்கள். அந்தப் பணம் முழுவதும் அதற்கே போனதா என்பது வேறு வழக்கு.

இந்தக் காப்புக் கணக்கில்தான் நம் இரண்டு கிளைப்பாதைகளும் வந்தன. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905இல் திறந்தது, நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மொரப்பூர்–தர்மபுரி 1906இல் திறந்தது, ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1913இல் தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கமாக ஓசூர் வரை நீண்டது. இந்தக் கிளைகளை முதலில் மதராஸ் ரயில்வே நடத்தியது. 1908இல் அந்தக் கம்பெனி கலைந்தபோது, ஜோலார்பேட்டைக்குத் தெற்கே உள்ள பகுதியோடு சேர்ந்து இவையும் தென்னிந்திய ரயில்வேயின் கைக்கு வந்தன.

தண்டவாளத்தின் அகலத்தை இங்கே கவனியுங்கள், கதையின் முடிவே அதில்தான் ஒளிந்திருக்கிறது. சென்னை–பேப்பூர் பெரும்பாதை ஐந்தரை அடி. நம் மீட்டர் கேஜ் மூன்று அடி மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்று மேல். இந்த இரண்டு கிளைகளோ வெறும் இரண்டரை அடி. இளைத்த தண்டவாளம் போதும், மேட்டையும் பள்ளத்தையும் வெட்டித் தள்ளாமல் வளைந்து வளைந்து போகலாம், சின்ன எஞ்சின் போதும், செலவு குறைவு. லாபம் வராது என்று தெரிந்தே போடும் பாதையில் பணத்தை மிச்சம் பிடிப்பது நியாயம் என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். ஆனால் மொரப்பூரில் வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் பெரிய வேகனிலிருந்து இறக்கி, தோளில் சுமந்து, சின்ன வேகனில் ஏற்றவேண்டும். தர்மபுரியிலிருந்து புளியோ ராகியோ வந்தால் திரும்பவும் அதே சுமை. கூலி இரண்டு, நேரம் இரண்டு, சிந்துவதும் களவு போவதும் இரண்டு. போடும்போது மிச்சம் பிடித்ததை ஓடும் காலமெல்லாம் கொடுத்துத் தீர்த்தார்கள்.

இன்னொரு குறை. ஓசூரோடு பாதை நின்றது. அதற்கு மேல் பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். அந்த நாற்பதையும் போட்டிருந்தால் அது இரண்டு பெரிய ஊர்களுக்கு இடையே ஓடும் வழியாகியிருக்கும். போடாததால் முட்டுச்சந்தாகவே இருந்துவிட்டது. கிருஷ்ணகிரிக் கிளையும் அப்படியே. சென்னை–பெங்களூர் சாலையின் மேலேயே இருக்கும் ஊருக்கு, கிழக்கே திருப்பத்தூர் வரை போய் அங்கே வண்டி மாறும் பாதையைக் கொடுத்தார்கள்.

1920களின் கடைசியில் மோட்டார் பஸ் வந்தது. வீட்டு வாசலில் ஏற்றிச் சந்தையில் இறக்கிவிட்டது. இந்தியா முழுக்க ரயில்வேக்கு வந்த இந்தத் தலைவலியைப் பற்றி மிச்சல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகள் 1932–33இல் ஆய்வு செய்து அறிக்கையே எழுதினார்கள். சாலைக்குப் பக்கத்திலேயே ஓடும் குட்டைப் பாதைகள்தான் முதலில் அடிவாங்கின. இங்கேதான் அந்தப் பழைய இரண்டு கணக்கு மறந்துபோனது. காப்புக்காகப் போட்ட பாதையை லாபக் கணக்கில் நிறுத்தி, டிக்கெட் வசூல் என்ன, நிலக்கரிச் செலவு என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அந்தப் பாதையால் பதில் சொல்ல முடியாது. அது அந்தக் கேள்விக்காகப் பிறந்ததல்ல.

பிறகு இரண்டாம் உலகப்போர். மத்தியக் கிழக்கில் பிரிட்டிஷ் படைகளுக்குத் தண்டவாளமும் எஞ்சினும் வேகனும் தேவைப்பட்டன. இந்தியாவில் இருபதுக்கும் மேற்பட்ட கிளைப்பாதைகளைத் தேர்ந்து பெயர்த்தார்கள். 1941இல் நம் இரண்டு பாதைகளும் மூடின. முப்பத்தைந்து முப்பத்தாறு ஆண்டுகள் ஓடிய பாதையின் தண்டவாளமும் கட்டையும் போன பிறகு மேடும் பாலக்கட்டையும்தான் மிஞ்சின. அதற்கு இரண்டே ஆண்டு கழித்து, 1943இல், வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். பஞ்சக்காப்பு என்ற நினைப்பே எவ்வளவு தூரம் போய்விட்டது பாருங்கள்.

போர்க்காலத்தில் பெயர்த்தது மட்டும் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. அதே காலத்தில் பெயர்த்த வேறு பாதைகள் திரும்பி வந்தன. மதுரை–போடிநாயக்கனூர் 1928இல் திறந்து, 1942இல் பெயர்த்து, 1950களில் மறுபடி போட்ட பாதை. ஷொர்ணூர்–நிலம்பூர் 1927இல் திறந்து, 1941இல் போய், 1950களில் திரும்பியது. போடிக்கு ஏலக்காயும் மிளகும் இருந்தன, நிலம்பூருக்குத் தேக்கு இருந்தது. அதைவிட முக்கியம், போடிப் பாதை மதுரையில் இருந்த அதே மீட்டர் கேஜ், நிலம்பூர்ப் பாதை ஷொர்ணூரில் இருந்த அதே அகலப்பாதை. பக்கத்து ஸ்டேஷனில் நிற்கும் எஞ்சினையும் வேகனையும் அப்படியே கொண்டுவந்து ஓட்டலாம். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் அது முடியாது. இரண்டரை அடிக்கு எல்லாவற்றையும் தனியாக வாங்கவேண்டும். வறட்சி நிலம் என்பதால் மலிவாகப் போட்டார்கள். மலிவாகப் போட்டதாலேயே திரும்பப் போட ஆளில்லை. என் கணிப்பு இதுதான்.

தர்மபுரிக்காவது 1960களின் கடைசியில் சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை வழியாக ரயில் வந்தது. பாலக்கோடும் ராயக்கோட்டையும் ஓசூரும் அதில் திரும்பவும் ஸ்டேஷன் பெற்றன. ஆனால் மொரப்பூரோடு இருந்த தொடர்பு போனது போனதுதான். தர்மபுரிக்காரர் ரயிலில் சென்னைக்குப் போகவேண்டுமானால் மொரப்பூருக்குப் பஸ் பிடிக்கவேண்டும், இல்லையேல் சேலத்தையோ பெங்களூரையோ சுற்றவேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், 36 கிலோமீட்டர். எண்பது ஆண்டு இடைவெளியில் ஊர் வளர்ந்துவிட்டது, வீட்டுமனைகள் வந்துவிட்டன. நிலம் எடுப்பதே பெரும்பாடானது.

கிருஷ்ணகிரியின் நிலை இன்னும் மோசம். 2004இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. மாம்பழக் கூழ் வெளிநாடு போகும் ஊர், கிரானைட் வெட்டி அனுப்பும் ஊர். எல்லாம் லாரியில்தான். 1905இல் ரயில் பார்த்த ஊருக்கு இன்றைக்கு ரயில் நிலையம் கிடையாது. எத்தனையோ சர்வே நடந்தது. கிருஷ்ணகிரியில் பிறந்து எண்பது வயதான ஒருவர்கூடத் தன் ஊரில் ரயில் ஓடியதைப் பார்த்திருக்க வழியே இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் கிளைப்பாதைகளை மூடுவது நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926 முதல் ஓடிய வண்டியை 1980களின் நடுவில் நிறுத்தினார்கள். காரணம் நஷ்டம். பேரளம்–காரைக்கால் 1898இல் திறந்த பாதை, அதுவும் 1987இல் மூடியது. காரைக்காலுக்குத் துறைமுகம் வந்தது, பாதையும் இப்போது திரும்பப் போடப்பட்டிருக்கிறது. தரங்கம்பாடிக்குத் துறைமுகச் சரக்கு இல்லை, அந்த மக்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருக்கடையூர் அபிராமியைப் பார்க்கப் போகிறவரும், பொறையார் கல்லூரிக்குப் போகிற பிள்ளையும் சரக்காகக் கணக்கில் வருவதில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் புதிய பாதை 2006–07இல் ரயில்வே திட்டங்களில் ஏறியது. நிலம் எடுப்பதிலும் பணம் ஒதுக்குவதிலும் ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டு பிறந்த குழந்தை இன்று கல்லூரியில் படிக்கிறது. இந்த அரங்கிலேயே அப்படிச் சிலர் இருப்பீர்கள். இடையில் 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டத் தலைநகரும் ஆகிவிட்டது. இந்தப் பாதைக்கு மொரப்பூர்ப் பாதையின் முதல் குறை இல்லை. சேலம்–விருத்தாசலம் பாதை அகலப்பாதையாக மாறிவிட்டது, நம் கிளையும் அதே அகலம்தான். மூட்டை மாற்றவேண்டியதில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் வண்டி நேரே கள்ளக்குறிச்சிக்குள் வரலாம்.

இரண்டாவது குறை இருக்கிறது. இதுவும் முட்டுச்சந்துதான். திருவண்ணாமலைப் பக்கம் நீளாதவரை இது ஒரு முனையில் நிற்கும் பாதை. முட்டுச்சந்துப் பாதைக்கு உயிர் சந்திப்பு நிலையத்தில் இருக்கிறது. சின்னசேலத்தில் சேலம் வண்டியும் சென்னை வண்டியும் வரும் நேரத்துக்கு நம் வண்டி காத்திருந்தால் பிழைக்கும். ஒரு மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்காரவைத்தால் ஜனங்கள் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு அதிகாரி வந்து, பயணிகள் வரவில்லையே என்று எழுதிக்கொண்டு போவார். அந்தத் தாளிலிருந்துதான் மூடும் வேலை தொடங்கும்.

அடுத்தது சரக்கு. ஆயிரக்கணக்கான ஏக்கர் கரும்பு, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், ஊரைச் சுற்றி அரிசி ஆலைகள், சின்னசேலம் ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளியும் ஜவ்வரிசியும், மக்காச்சோளம், பருத்தி. ஒரு காலத்தில் மலையிலிருந்து இறங்கிய கடுக்காய் தோல் பதனிட வெளியூர் போனது. நமக்குச் சரக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டேஷனில் சரக்குக் கொட்டகையும் லாரி வந்து நிற்க இடமும் இல்லாவிட்டால் அவ்வளவும் சாலையிலேயே போகும், பாதையின் கணக்கில் பயணி டிக்கெட் மட்டும் ஏறும். உர மூட்டை வந்து இறங்கவும் அந்தக் கொட்டகைதான் வேண்டும்.

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது மலையைப் பற்றி. கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்து, 1976இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அங்கே ஒரு தலைமுறை பிந்தி வந்தன. சாமையும் தினையும் வரகும் விளைந்த மேட்டில் இன்று மரவள்ளி விளைகிறது. மழை தப்பிய வருஷம் அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் காப்பித் தோட்ட வேலைக்கும், திருப்பூருக்கும், கட்டட வேலைக்கும் போகிறார்கள். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய பயணச்செலவு கூலியிலிருந்து போகிறது. பஸ் கட்டணத்துக்கும் பாசஞ்சர் ரயில் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாள் சாப்பாடு. பஞ்சக் கமிஷன் ஆயிரத்தெண்ணூற்று எண்பதில் காப்பு என்று எதைச் சொன்னதோ, அதற்கு இன்றைய உருவம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மலைமேல் உள்ள வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பஸ் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தோடு நின்றுவிட்டால், மூட்டையும் குழந்தையுமாக அவர்கள் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்கவேண்டும். அந்த ஆட்டோக் கூலியில் ரயில் மிச்சம் பிடித்துக் கொடுத்தது போய்விடும். திருக்கோவிலூரில் ஆற்றுக்கு அக்கரையில் ஸ்டேஷன் இருப்பதால் ஊர் படும் சிரமம் நமக்குத் தெரியும். ஆகவே மலைப் பஸ்கள் ஸ்டேஷன் வாசல் வரை வந்து போகவேண்டும், அதற்குத் திரும்பும் இடம் ஸ்டேஷன் முகப்பிலேயே விடவேண்டும் என்று போக்குவரத்துக் கழகத்துக்கும் ரயில்வேக்கும் சேர்த்து எழுதுங்கள். சின்னசேலத்தில் இணைப்பு நேரம், கள்ளக்குறிச்சியில் சரக்குக் கொட்டகை, மலைப் பஸ்ஸுக்கு வாசல். மூன்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். வியாபாரிகள் சங்கமும் கரும்பு விவசாயிகளும் மலைக் கிராமப் பஞ்சாயத்துகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அதற்குக் கனம் உண்டு. நிலையத்தைச் சுற்றி மனை பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு இடம் கிடைக்காது.

மாணவர்களுக்கு ஒரு வேலை. சின்னசேலம் ஸ்டேஷனில் மீட்டர் கேஜ் காலத்தில் மூட்டை தூக்கியவர்கள், கேங்மேனாக இருந்தவர்கள், கேட் போட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்ன சரக்கு எந்த மாதத்தில் எங்கே போனது என்பது அவர்களுக்கு வாய்ப்பாடாகத் தெரியும். போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனுவோடு இணைக்க அதைவிட நல்ல சான்று கிடைக்காது.